கரண்டி யார் கையில்? கர்ப்பகால நீரிழிவும் சுயகவனிப்பும்

ஏழாம் மாதம் வளைகாப்பு. இரண்டு கையும் நிறையக் கண்ணாடி வளையல், சர்க்கரைப் பொங்கலில் தொடங்கிப் புளிச்சாதம், தேங்காய்ச்சாதம், எலுமிச்சைச்சாதம் என்று வரிசையாகக் கலந்த சாதங்கள், வந்தவர் ஒவ்வொருவரும் ஊட்டிவிடும் ஒரு துண்டு இனிப்பு. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணின் மேல் குடும்பம் முழுவதும் பாசத்தைக் கொட்டும் நாள் அது. ஏறக்குறைய அதே வாரங்களில்தான், அதாவது 24ஆவது வாரத்திலிருந்து 28ஆவது வாரத்துக்குள், ஆரம்ப சுகாதார நிலையமும் அவளை அழைத்து 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்கிறது. இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 140 மில்லிகிராமைத் தொட்டிருந்தால், நேற்றுவரை ‘இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு’ என்று கேட்டவள் இன்று ‘அளவாகச் சாப்பிடு’ என்று கேட்கிறாள்.

இந்த இரண்டு குரல்களுக்கும் நடுவில் மூன்று மாதம் வாழ்வதைத்தான் மருத்துவ ஏடுகள் ‘சுயமேலாண்மை’ என்கின்றன. உணவு, நடை, வீட்டிலேயே ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஊசி என்று அந்தச் சொல்லுக்குள் நாலு வேலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் பயன் தருகிறது, எங்கே தடுமாறுகிறது, எந்த இடத்தில் அந்தப் பெண்ணின் கையை மீறிப் போகிறது என்று பார்ப்பது இந்தக் கட்டுரையின் வேலை.

உடம்பில் நடப்பது

கர்ப்பகால நீரிழிவு வருவதற்கு நஞ்சுக்கொடி முக்கியக் காரணம். பிள்ளைக்குத் தடையில்லாமல் குளுக்கோஸ் போய்ச் சேரவேண்டும் என்பதற்காக, நஞ்சு சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடம்பில் இன்சுலினின் வேலையை மந்தப்படுத்துகின்றன. நஞ்சு வளர வளர இந்தத் தடையும் வளரும். கடைசி மாதங்களில் ஒரு பெண்ணுக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு, சிலருக்கு அதற்கும் மேல் இன்சுலின் தேவைப்படுகிறது. பெரும்பாலானவர்களின் கணையம் அதை ஈடுகட்டிவிடும். ஈடுகட்ட முடியாதவர்களின் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. குடும்பத்தில் நீரிழிவு, முன்பு பெரிய எடையில் பிறந்த குழந்தை, சினைப்பையில் நீர்க்கட்டி, உடற்பருமன் ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். இவை எதுவும் இல்லாத ஒல்லியான பெண்ணுக்கும் நம் ஊரில் இது வருகிறது. ‘நான் இனிப்பே தொடமாட்டேனே’ என்று அவள் அழுவதில் நியாயம் இருக்கிறது. அவள் தின்ற லட்டு இந்த நோயைக் கொண்டுவரவில்லை.

தாயின் குளுக்கோஸ் நஞ்சைக் கடந்து பிள்ளையிடம் போகும். தாயின் இன்சுலின் கடக்காது. ஆகவே கூடுதல் சர்க்கரையைச் சமாளிக்கப் பிள்ளையின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. டென்மார்க்கின் யோர்கன் பெடர்சன் 1950களில் முன்வைத்த இந்த விளக்கம் இன்றும் நிற்கிறது. இன்சுலின் வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோன் என்பதால் பிள்ளைக்குக் கொழுப்பு சேர்ந்து எடை கூடுகிறது. பிரசவத்தில் தோள் சிக்கிக்கொள்ளலாம். தொப்புள்கொடி வெட்டப்பட்டதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், ஆனால் சுரந்த இன்சுலின் உடனே அடங்காது. பிறந்த சில மணி நேரத்தில் குழந்தையின் சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம். தாய்க்கு ரத்தக்கொதிப்பு, பனிக்குட நீர் மிகுதி, அறுவைப் பிரசவம் ஆகியவற்றின் வாய்ப்பு கூடும்.

எந்த எண்ணிலிருந்து நோய்?

இந்தக் கேள்விக்கு உலகம் இன்னும் ஒரே பதிலைத் தரவில்லை. 1964இல் பாஸ்டனில் ஓ’சல்லிவனும் மகானும் வகுத்த முதல் எல்லைகள், எந்தத் தாய்க்குப் பின்னாளில் நீரிழிவு வரும் என்று கணிக்க வகுத்தவை. பிள்ளைக்கு நேரும் தீங்கை அவை அளக்கவில்லை. 2008இல் வெளியான ஹேப்போ ஆய்வு 9 நாடுகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து பார்த்து ஒன்றைக் காட்டியது: சர்க்கரை ஏற ஏறத் தீங்கும் படிப்படியாக ஏறுகிறது, ‘இதுவரை பத்திரம், இதற்கு மேல் ஆபத்து’ என்று கோடு கிழிக்கத்தக்க இடம் எதுவும் இல்லை. அதை வைத்து 2010இல் பன்னாட்டு வல்லுநர் குழு வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 என்று எல்லைகளை முன்மொழிந்தது. ஒன்றைத் தாண்டினாலும் நோய்.

இந்தியா வேறு வழியில் போனது. அந்த வழி சென்னையில் தொடங்கியது. நீரிழிவு மருத்துவர் வி. சேஷய்யா, காலையில் பட்டினியாகப் பேருந்தேறி வரச் சொன்னால் கிராமத்துப் பெண் வரமாட்டாள் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார். சாப்பிட்டிருந்தாலும் சரி, வந்த நேரத்திலேயே 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு தடவை ரத்தம் எடுப்பது என்ற முறையை அவரும் அவரது குழுவினரும் பரப்பினார்கள். 2008இல் அவர்கள் வெளியிட்ட தமிழ்நாட்டுக் கணக்கெடுப்பில் நகர்ப்புறத்தில் 17.8 சதவீதம், சிறுநகரங்களில் 13.8 சதவீதம், கிராமங்களில் 9.9 சதவீதம் கர்ப்பிணிகளுக்கு இந்தப் பிரச்சினை இருந்தது. 2007இலேயே தமிழக அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனையைக் கொண்டுவந்தது. பின்னர் மத்திய அரசு 2014இலும் 2018இலும் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இதே முறையை ஏற்றன: பதிவு செய்ய வரும் முதல் தடவையில் ஒன்று, அதில் இயல்பாக இருந்தால் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொன்று. சேஷய்யாவின் பிறந்தநாளான மார்ச் 10 இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கப்படுகிறது.

இந்த முறைக்கு எதிர்வாதமும் சென்னையிலிருந்தே எழுந்தது. வி. மோகனின் தலைமையிலான ஆய்வாளர்கள், சாப்பிட்ட வயிற்றோடு செய்யும் சோதனையைப் பட்டினிச் சோதனையோடு ஒப்பிட்டு, முன்னது பல பெண்களைத் தவறவிடுகிறது என்று 2014இல் எழுதினார்கள். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. துல்லியமான சோதனைக்கு யாரும் வராவிட்டால் அதன் துல்லியத்தால் பயன் இல்லை. எளிய சோதனை இயல்பு என்று சொன்னதை நம்பி அசட்டையாக இருப்பதும் நல்லதல்ல. குடும்பத்தில் சர்க்கரை உள்ள பெண்ணோ, ஸ்கேனில் பிள்ளை வயதை மீறிப் பெரிதாகத் தெரியும் பெண்ணோ மறுசோதனை கேட்பது தவறில்லை.

கவனித்தால் பயன் உண்டா?

உண்டு என்பதற்கு இரண்டு பெரிய சோதனைகள் சான்று. 2005இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1000 பெண்களைப் பிரித்துப் பார்த்தார்கள். உணவு ஆலோசனை, வீட்டு ரத்தப் பரிசோதனை, தேவைக்கு இன்சுலின் என்று கவனிக்கப்பட்டவர்களிடம் சிசு மரணம், தோள் சிக்குதல், எலும்பு முறிவு போன்ற கடுமையான தீங்குகள் 1 சதவீதம். வழக்கமான கர்ப்பக் கவனிப்பு மட்டும் பெற்றவர்களிடம் 4 சதவீதம். 2009இல் அமெரிக்காவில் லேசான நோயுள்ள 958 பெண்களிடம் நடந்த சோதனை, பெரிய குழந்தைகளும் தோள் சிக்கலும் அறுவைப் பிரசவமும் ரத்தக்கொதிப்பும் குறைந்ததைக் காட்டியது. அதில் சிகிச்சை பெற்றவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் இன்சுலின் இல்லாமலேயே சமாளித்தார்கள். ஆஸ்திரேலியச் சோதனையில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஊசி வேண்டியிருந்தது.

இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு செய்தி கிடைக்கிறது. பெரும்பாலானவர்களுக்குத் தட்டும் நடையுமே மருந்து. மீதிப் பேருக்கு அவை போதாது. முன்கூட்டியே யார் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாததால், எல்லோரும் முதலில் இரண்டு வாரம் உணவு முறையை முயல்வது. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120க்குள் வராவிட்டால் மருந்து. இந்திய வழிகாட்டுதலின் அடிப்படை இதுதான்.

தட்டு

நம் ஊரில் உணவு ஆலோசனை பெரும்பாலும் தடைப்பட்டியலாக வருகிறது: சோறு கூடாது, பழம் கூடாது, கிழங்கு கூடாது. பயந்த பெண் இரவில் இரண்டு சப்பாத்தியோடு படுத்துக்கொள்கிறாள். இது தவறான வைத்தியம். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு வழக்கத்தைவிட ஏறத்தாழ 350 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. மாவுச்சத்தும் நாளுக்கு 175 கிராமுக்குக் குறையக்கூடாது என்பது பன்னாட்டுப் பரிந்துரை. பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன்களை உண்டாக்கும். அது பிள்ளைக்கு நல்லதல்ல. எவ்வளவு என்பதைவிட எப்போது, எதோடு சேர்த்து என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

முதலில் காலை. விடியற்காலையில் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் உச்சத்தில் இருப்பதால் இன்சுலின் தடையும் அப்போதே அதிகம். மதியம் சோறு சாப்பிட்டு 118 காட்டுகிற பெண், காலையில் நாலு இட்லிக்கு 150 காட்டுவது இதனால்தான். சேஷய்யா இதற்குச் சொன்ன தீர்வு எளிமையானது: காலைச் சாப்பாட்டை இரண்டாகப் பிரி. நாலு இட்லியில் இரண்டை எட்டு மணிக்கும் மற்ற இரண்டைப் பத்து மணிக்கும் சாப்பிட்டால் மொத்தம் அதேதான். ஏற்றம் மட்டும் மட்டுப்படும். பக்கத்தில் ஒரு அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் பாசிப்பயறுச் சுண்டலோ இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்து, பெயருக்கு ஏமாறக்கூடாது. ‘ராகிதானே, சுகருக்கு நல்லது’ என்று நீர்க்கக் காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சி குடிப்பவர்கள் ஏராளம். அரிசிக்குச் சற்றுக் குறைவாக இருந்தாலும் கேழ்வரகிலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான். நைசாக அரைத்து நீர்க்கக் காய்ச்சியதும் அது வேகமாக ரத்தத்தில் கலக்கும். அதே கேழ்வரகை முருங்கைக்கீரை போட்டு அடையாகத் தட்டினால் கதை வேறு. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் குளுக்கோமீட்டர் முன்னால் வெள்ளைச் சர்க்கரையின் உறவினர்களே. பழத்தில் ஒரு சின்னக் கொய்யாவுக்கும் ஒரு முழு மாம்பழத்துக்கும் நிறைய தூரம். பழச்சாறு எதுவானாலும் வேண்டாம்.

இங்கே அரசும் தன் தட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கன்வாடியில் கர்ப்பிணிக்குத் தரப்படும் சத்துமாவில் வெல்லம் சேர்ந்திருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழம் இருக்கிறது. ரத்தசோகைக்கும் எடைக்குறைவுக்கும் எதிராக யோசித்து வைத்த பொருட்கள் இவை. அந்தப் போர் இன்னும் முடியவில்லை என்பதால் குறை சொல்ல முடியாது. ஆனால் பரிசோதனையில் சர்க்கரை தெரிந்த பெண்ணுக்கும் அதே பெட்டகம் போகும்போது, ஒரு கையால் தடுத்து மறு கையால் ஊட்டுவதாக ஆகிறது. அவளுக்கு மட்டும் பயறும் நிலக்கடலையும் மாற்றித் தருவது பெரிய செலவில்லை.

நடை

சாப்பிட்டதும் தசைகள் வேலை செய்தால், இன்சுலின் உதவி அதிகமின்றியே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். நாளுக்கு 30 நிமிடம் என்பது பொதுவான அறிவுரை. அதை ஒரே மூச்சில் நடக்க வேண்டுமென்பதில்லை. மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு பத்துப் பத்து நிமிடமாக நடப்பது சாப்பிட்டபின் வரும் ஏற்றத்தைக் குறைக்க இன்னும் பொருத்தம். வெயில், தெருநாய், ‘வயித்தைத் தள்ளிக்கிட்டு எங்க கிளம்பிட்டா’ என்ற திண்ணைப் பேச்சு என்று தடைகள் உண்டு. மொட்டைமாடியோ வீட்டுக்கூடமோ போதும். ரத்தப்போக்கு, பனிக்குடம் கசிதல், கர்ப்பப்பை வாய்த் தளர்ச்சி, கடும் ரத்தக்கொதிப்பு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் நடக்கக்கூடாது. வீட்டு வேலையே பெரிய உடற்பயிற்சி என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நின்றுகொண்டே தோசை சுடுவது காலை வீங்க வைக்கும், சர்க்கரையை அவ்வளவாக இறக்காது.

விரல் நுனி

சுயகவனிப்பின் கண் குளுக்கோமீட்டர். பல நாடுகளில் வழக்கம், நாளுக்கு நாலு தடவை: விழித்ததும் வெறும் வயிற்றில் ஒன்று, மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின் ஒவ்வொன்று. இலக்கு வெறும் வயிற்றில் 95க்குள், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140க்குள் அல்லது இரண்டு மணி நேரத்தில் 120க்குள். மணியை முதல் கவளத்திலிருந்து எண்ண வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே குத்த வேண்டும். வாழைப்பழம் உரித்த விரலில் ஒட்டியிருக்கும் இனிப்பே எண்ணை ஏற்றிக் காட்டிவிடும். நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனை கர்ப்பத்தில் அவ்வளவு நம்பகமில்லை. சிவப்பணுக்கள் வேகமாகப் புதுப்பிக்கப்படுவதும் ரத்தசோகையும் அந்தக் கணக்கைக் குழப்பும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 28ஆவது வாரத்திலிருந்து பிரசவம்வரை 12 வாரம், 84 நாள். நாளுக்கு நாலு என்றால் 336 பரிசோதனை ஸ்ட்ரிப். கூலி வேலைக்குப் போகும் வீட்டுக்கு அது பல ஆயிரம் ரூபாய். அரசு முறையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ கடைசி மாதங்களில் வாரம் ஒருமுறையோ சுகாதார நிலையத்தில் எடுப்பது இந்த நடைமுறைக் கஷ்டத்தால்தான். ஆனால் வாரம் ஒரு எண் மருத்துவருக்குப் போதுமானாலும் அந்தப் பெண்ணுக்குப் போதாது. எந்தச் சாப்பாடு தன்னை ஏற்றுகிறது என்று அவளுக்குக் கற்றுத்தருவது தொடர்ச்சியான எண்கள்தான். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் நாலு வேளையும் பார்த்து, பக்கத்திலேயே என்ன சாப்பிட்டாள் என்று எழுதி வைப்பது ஒரு நடுவழி.

விரல் நுனியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளுக்கு முந்தின நாள் மட்டும் பத்தியம் இருந்து நல்ல எண்ணைக் காட்டுவது, நோட்டில் 146ஐ 116 ஆக்கி எழுதுவது. திட்டு வாங்கப் பயந்தவர்கள் செய்வது இது. ‘ஏம்மா, வாயைக் கட்ட முடியாதா?’ என்று கேட்கும் இடத்தில் உண்மையான எண் பிறக்காது. நோட்டில் இருக்கும் 146 குற்றப்பத்திரிகை ஆகக்கூடாது. மருந்தின் அளவை மாற்றச் சொல்லும் தகவல் அது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது பிள்ளையின் அசைவு. சாப்பிட்டபின் ஒருக்களித்துப் படுத்து, இரண்டு மணி நேரத்தில் ஆறு அசைவாவது தெரிகிறதா என்று பார்ப்பது அரசு வழிகாட்டுதலிலேயே உண்டு. குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. குளுக்கோமீட்டர் சொல்லாததைச் சொல்லும் இந்தச் சோதனைக்குக் காசும் வேண்டாம்.

ஊசி

இரண்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டும் நடந்தும் எண் இறங்காவிட்டால் அது தோல்வி இல்லை. குறிப்பாக வெறும் வயிற்று எண், தட்டுக்கு அவ்வளவாகக் கட்டுப்படாது. இரவெல்லாம் ஈரல் விடுவிக்கும் குளுக்கோஸை இரவுச் சாப்பாட்டைக் குறைத்து நிறுத்த முடியாது. இந்த இடத்தில் சுயகவனிப்பு என்றால் ஊசிக்கு ஒப்புக்கொள்வது.

‘ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுக்க ஊசி’ என்பது பெரிய பயம். கர்ப்பகால நீரிழிவில் நஞ்சு வெளியேறியதும் இன்சுலின் தடை மளமளவென்று இறங்கிவிடும்; பெரும்பாலான பெண்களுக்குப் பிரசவத்தோடு ஊசியும் நின்றுவிடுகிறது. வயிற்றில் போட்டால் பிள்ளையைக் குத்திவிடும் என்பது அடுத்த பயம். ஊசி தோலடிக் கொழுப்பைத் தாண்டுவதில்லை; தயக்கமிருந்தால் தொடையில் போடலாம். இன்சுலின் நஞ்சைக் கடப்பதில்லை என்பதால் பிள்ளைக்கு அதிலிருந்து நேரடி ஆபத்து இல்லை. மெட்ஃபார்மின் மாத்திரை கடக்கும். 2008இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 751 பெண்களிடம் நடந்த சோதனை, மெட்ஃபார்மினால் உடனடித் தீங்கு கூடவில்லை என்று காட்டியது. ஆனால் மாத்திரை எடுத்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கூடவே இன்சுலினும் தேவைப்பட்டது. இந்திய வழிகாட்டுதல் இரண்டையும் அனுமதிக்கிறது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் இன்சுலினை முன்னால் வைக்கிறது.

ஊசி போடும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, தலைசுற்றல் வந்து மீட்டர் 70க்குக் கீழ் காட்டினால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸையோ சர்க்கரையையோ தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுக்க வேண்டும்; 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் எதிரியாக இருந்த சர்க்கரை அந்த நிமிடத்தில் மருந்து. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்சை அழைக்க வேண்டும். இன்சுலின் குப்பியை ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டில் வைக்கலாம், உறைபெட்டியில் வைக்கக்கூடாது; உறைந்தால் வீண்.

பிரசவத்துக்குப் பின்

குழந்தை பிறந்ததும் சேனை என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. இந்தக் குழந்தைக்கு வேண்டியது ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். சர்க்கரை இறங்கும் ஆபத்தைத் தடுப்பதும் அதுதான். தாய்ப்பால் தாயையும் காக்கிறது. கலிபோர்னியாவில் இந்த நோய் கண்ட சுமார் ஆயிரம் பெண்களைத் தொடர்ந்து 2015இல் வெளியான ஆய்வில், அதிகமாகத் தாய்ப்பால் கொடுத்தவர்களிடம் அடுத்த இரண்டு ஆண்டுகளில் நீரிழிவு ஏறக்குறையப் பாதியாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் எல்லோரும் மறந்துபோகும் அத்தியாயம். கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு, வராதவரைவிட 7 மடங்கு என்று 2009இல் லான்செட் இதழில் வெளியான தொகுப்பாய்வு சொன்னது. 2020இல் வெளியான இன்னொன்று ஏறக்குறைய 10 மடங்கு என்றது. மைசூரில் தொடர்ந்து கவனிக்கப்பட்ட குழந்தைகளில், இந்தத் தாய்மாருக்குப் பிறந்த பெண்குழந்தைகளிடம் ஐந்து வயதிலேயே உடற்கொழுப்பு கூடுதலாகத் தெரிந்தது. ஆகவே பிரசவமான 6 வாரத்தில் மறுபடி குளுக்கோஸ் பரிசோதனை செய்ய வேண்டும், பிறகு ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. நடப்பது என்ன? பிரசவம் முடிந்தது, அம்மா வீட்டில் லேகியம், பால்கஞ்சி, தூக்கமில்லாத இரவுகள். பரிசோதனை நினைவிலேயே இருப்பதில்லை.

அந்த ஆறாவது வாரத்தில் குழந்தைக்குத் தடுப்பூசி இருக்கிறது. அதைப் பெரும்பாலோர் தவறவிடுவதில்லை. குழந்தையின் தடுப்பூசி அட்டையிலேயே தாயின் பரிசோதனைக்கு ஒரு கட்டம் போட்டுவிட்டால், அதே பயணத்தில் இரண்டு வேலையும் முடியும்.

கரண்டி யார் கையில்?

இவ்வளவையும் பார்த்த பிறகு ‘சுயம்’ என்ற சொல்லுக்கு வருவோம். இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளில் இந்த நோய் கண்ட ஏறத்தாழ 1600 தாய்மாரிடம், பிரசவத்துக்குப் பின் வாழ்க்கைமுறை மாற்றப் பயிற்சி தந்து பார்த்த சோதனையின் முடிவு 2022இல் வந்தது. சர்க்கரை நிலை மோசமானவர்கள் பயிற்சி பெற்றோரில் 25.5 சதவீதம், பெறாதோரில் 27.1 சதவீதம். சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. வகுப்பெடுத்து, குறுஞ்செய்தி அனுப்பி, ஒரு பெண்ணை மட்டும் மாற்றிவிட முடியாது என்றே இதை நான் படிக்கிறேன்.

ஏனென்றால் கரண்டி பெரும்பாலும் அவள் கையில் இல்லை. கூட்டுக்குடும்பத்தில் என்ன சமைப்பது என்பதை மாமியார் முடிவு செய்கிறார். மருமகளுக்கு மட்டும் பயறு வேகவைத்தால் ‘தனிச் சமையலா’ என்ற கேள்வி வருகிறது. முட்டைக்கும் ஸ்ட்ரிப்புக்கும் பணம் கணவன் சட்டைப்பையில். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது அவள். மற்றவர்கள் சாப்பிட்ட பிறகு மிஞ்சுவது சோறும் குழம்பும், பொரியல் தீர்ந்திருக்கும். ஜவுளிக்கடையிலோ மில்லிலோ வேலை பார்ப்பவளுக்குப் பத்து மணிக்கு மீதி இரண்டு இட்லியைச் சாப்பிட யார் விடுவார்கள்? கர்ப்பகாலத்தில் மிகச் சரியான அறிவுரையும் இந்த இடங்களில் முட்டி நின்றுவிடுகிறது.

சான்றுகளைத் தொகுத்தால் என் தீர்ப்பு இது. சுயகவனிப்பு வேலை செய்கிறது. பெரும்பாலான பெண்களுக்கு அதுவே போதும். ஆனால் அதைச் செய்யவேண்டிய ‘சுயம்’ ஒரு பெண்ணின் உடம்போடு முடிவதில்லை. குறிப்பேட்டில் அவள் எழுதும் எண், அந்த வீட்டு அடுப்பின் எண். அவள் வேலை செய்யும் இடத்தின் எண். அரசு தரும் பெட்டகத்தின் எண். மதிப்பெண் மட்டும் அவள் தலையில் விழுகிறது.

ஆகவே கடைசி வார்த்தை கர்ப்பிணிகளுக்கு இல்லை. அவர்கள் ஏற்கெனவே நிறையக் கேட்டுவிட்டார்கள். கணவனுக்கும் மாமியாருக்கும் அம்மாவுக்கும்: அடுத்த தடவை சுகாதார நிலையத்தில் உணவு ஆலோசனை சொல்லும்போது வாசலில் நிற்காமல் உள்ளே போய் உட்காருங்கள். அவளுக்குச் சொல்லும் தட்டையே வீடு முழுவதும் மூன்று மாதம் சாப்பிடுங்கள். வளைகாப்பு நடக்கட்டும், வளையல் குலுங்கட்டும். ஊட்டும் கையில் இனிப்புக்குப் பதில் ஒரு பிடி சுண்டல் இருந்தால் பாசம் எதுவும் குறைந்துவிடாது.